கரிம அயனிகளில் கார்பனின் இனக்கலப்பைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓர் அயனியைக் கொடுத்து, மின்சுமை ஏறிய கார்பனின் இனக்கலப்பு (அதன் எஸ், பி ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள், எப்படிக் கலந்திருக்கின்றன என்பது) என்ன என்று கேட்பது பதினொன்றாம் வகுப்பில் தொடங்கி நீட், ஜேஇஇ, கல்லூரித் தேர்வு வரை விடாமல் வரும் கேள்வி. இதற்குப் பெரும்பாலான மாணவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள்: நேரயனி என்றால் எஸ்பி² (ஓர் எஸ், இரண்டு பி கலந்தது), எதிரயனி என்றால் எஸ்பி³ (ஓர் எஸ், மூன்று பி). மெத்தில் நேரயனிக்கும் மெத்தில் எதிரயனிக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். பாடப்புத்தகத்தில் முதலில் வருவதும் அந்த இரண்டுதான் என்பதால் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் வினைல் நேரயனி வரும், விடை எஸ்பி. பென்சைல் எதிரயனி வரும், விடை எஸ்பி². அசிட்டிலைடு எதிரயனி வந்தால் விடை மறுபடியும் எஸ்பி. குறுக்குவழி மூன்றிலும் கவிழ்ந்துவிடும். காரணம் எளிது: மின்சுமையின் குறிக்கும் இனக்கலப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தக் கார்பனோடு எத்தனை அணுக்கள் இணைந்திருக்கின்றன, அதன்மேல் தனித்த எலக்ட்ரான் இரட்டை (பிணைப்பில் ஈடுபடாத இரண்டு எலக்ட்ரான்கள்) இருந்தால் அது எந்த ஆர்பிட்டாலில் உட்கார்ந்திருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் தவறில்லாமல் கண்டுபிடிப்பதற்கான வேலை.

எண்ணுவதற்கு முன்: எஸ் யாருக்குப் போகிறது?

நேரே விதிக்குப் போகலாம்தான். ஆனால் காரணம் தெரியாமல் விதியை மனப்பாடம் செய்தால், விதிவிலக்கு வரும் இடத்தில் கை நின்றுவிடும். அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

லைனஸ் பாலிங் 1931-இல் இனக்கலப்புக் கருத்தை முன்வைத்தபோது விளக்க நினைத்தது மீத்தேனின் நான்கு சம பிணைப்புகளை. கார்பனிடம் பிணைப்புக்கு இருப்பவை ஒரு 2எஸ், மூன்று 2பி ஆர்பிட்டால்கள். 2எஸ் ஆர்பிட்டாலின் ஆற்றல் 2பி-யை விட ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட் குறைவு. எனவே எலக்ட்ரான்கள் எஸ்-தன்மை அதிகமுள்ள ஆர்பிட்டாலில் இருக்கவே விரும்பும். எலக்ட்ரானே இல்லாத காலி ஆர்பிட்டாலுக்கு எஸ்-தன்மையைக் கொடுத்தால் யாருக்கும் பயனில்லை, அது வீண்செலவு.

இந்த ஒரு கருத்தை வைத்தே மெத்தில் நேரயனியைப் பாருங்கள். மூன்று பிணைப்புகள், ஒரு காலி ஆர்பிட்டால். இருக்கிற எஸ் முழுவதையும் மூன்று பிணைப்புகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றிலும் 33.3 சதவீதம் எஸ், அதாவது எஸ்பி². கோணம் 120 பாகை, மூலக்கூறு தட்டை. காலியாக இருப்பது கலக்காத பி ஆர்பிட்டால்; அது தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது.

மெத்தில் எதிரயனியில் நான்காவது ஆர்பிட்டாலிலும் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் எஸ்-இல் பங்கு வேண்டும். நான்கு பேருக்குப் பங்கு, ஆளுக்குச் சுமார் 25 சதவீதம், எஸ்பி³. வடிவம் அமோனியா மாதிரி முக்கோணப் பிரமிடு. இதே அயனி தட்டையாக இருந்தால் தனித்த இரட்டை சுத்தமான பி ஆர்பிட்டாலில் போய் உட்கார வேண்டியிருக்கும்; எஸ்-இன் துளி லாபம்கூட கிடைக்காது.

அந்த நஷ்டத்தை வேறு ஏதாவது ஈடுகட்டினால்? பக்கத்தில் ஒரு பை பிணைப்பு (இரட்டை, முப்பிணைப்புகளில் முதல் பிணைப்புக்கு மேல் கூடுதலாக இருப்பது) இருந்து, தனித்த இரட்டை அதனோடு கலந்து பரவ முடிந்தால், தட்டையாகிப் பி ஆர்பிட்டாலுக்குப் போவதுதான் லாபம். எதிரயனிகள் சிலவற்றில் எஸ்பி³ ஆகவும் சிலவற்றில் எஸ்பி² ஆகவும் வருவதன் ரகசியம் இவ்வளவுதான். நேரயனியில் இந்தக் குழப்பமே கிடையாது. காலி ஆர்பிட்டால், உடனிசைவு (எலக்ட்ரான்கள் இப்படிப் பரவுவது) இருந்தாலும் இல்லாவிட்டாலும், படி 5-இல் வரும் வளையத் தடை இல்லாத வரை, பி ஆகவே இருக்கும்.

படி 1: மறைந்திருக்கும் ஹைட்ரஜன்களை வரையுங்கள்

தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. கோட்டு வாய்பாட்டில் கார்பனும் ஹைட்ரஜனும் கண்ணுக்குத் தெரியாது. மின்சுமை உள்ள கார்பனில் எத்தனை ஹைட்ரஜன் என்று தெரியாமல் எண்ணத் தொடங்கினால் விடை நிச்சயம் தப்பும்.

ஹைட்ரஜன் எண்ணிக்கையைச் சரிபார்க்க முறைசார் மின்சுமைக் கணக்கு உதவும். கார்பனுக்கு அது நான்கு கழித்தல் பிணைப்புகளின் எண்ணிக்கை, கழித்தல் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கை. இரட்டைப் பிணைப்பை இரண்டாகவும் முப்பிணைப்பை மூன்றாகவும் எண்ண வேண்டும். மூன்று பிணைப்பு, எலக்ட்ரான் இல்லை: 4 − 3 − 0 = +1. மூன்று பிணைப்பு, ஒரு தனித்த இரட்டை: 4 − 3 − 2 = −1. ஆக, நேரோ எதிரோ, ஒரு மின்சுமை கொண்ட சாதாரணக் கார்பனுக்கு மொத்தம் மூன்று பிணைப்புகள் இருக்கும். படத்தில் தெரியும் பிணைப்புகளை மூன்றிலிருந்து கழித்தால் மீதி ஹைட்ரஜன்.

இதை ஒருமுறை பென்சைலுக்கும் ஃபீனைலுக்கும் செய்து பாருங்கள். பென்சைல் அயனியில் மின்சுமை வளையத்துக்கு வெளியே தொங்கும் கார்பனில் இருக்கிறது. அது வளையத்தோடு ஒரே ஒரு பிணைப்பு, எனவே இரண்டு ஹைட்ரஜன். ஃபீனைல் அயனியில் மின்சுமை வளையக் கார்பனிலேயே இருக்கிறது. அதற்கு ஏற்கெனவே ஓர் ஒற்றைப் பிணைப்பும் ஓர் இரட்டைப் பிணைப்பும் உண்டு, ஹைட்ரஜன் சுழியம். பெயரில் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் எலக்ட்ரான் இருக்கும் இடமே வேறு. சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனியின் ஐங்கோணத்தில் மின்சுமை போட்ட மூலையில் ஒரு ஹைட்ரஜன் ஒளிந்திருக்கிறது.

படி 2: இணைந்துள்ள அணுக்களை எண்ணுங்கள்

ஒற்றை, இரட்டை, முப்பிணைப்பு எதுவானாலும் அதில் சிக்மா (இரண்டு அணுக்களை நேரே இணைக்கும் முதல் பிணைப்பு) ஒன்றுதான். எனவே சிக்மா பிணைப்பை எண்ணுவது என்றால் பக்கத்து அணுக்களை எண்ணுவதுதான். பை பிணைப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இதற்கு மேல் இந்தப் படியில் ஒன்றுமில்லை.

படி 3: தனித்த இரட்டைக்கு ஒன்று, காலி ஆர்பிட்டாலுக்குச் சுழியம்

பக்கத்து அணுக்களின் எண்ணிக்கையோடு, தனித்த இரட்டை இருந்தால் ஒன்று கூட்டுங்கள். காலி ஆர்பிட்டாலுக்கு ஒன்றும் கூட்ட வேண்டாம். கூட்டுத்தொகை 4 என்றால் எஸ்பி³, 3 என்றால் எஸ்பி², 2 என்றால் எஸ்பி.

மூவிணைய பியூட்டைல் நேரயனியில் நடுக்கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் கார்பன்கள், ஆர்பிட்டால் காலி. மொத்தம் 3, எஸ்பி². ஆனால் அந்த மூன்று மெத்தில் கார்பன்களும் எஸ்பி³. "அயனியில் உள்ள கார்பன்களின் இனக்கலப்பு" என்று பன்மையில் கேட்டால் அவற்றையும் எழுத வேண்டும்.

வினைல் நேரயனியில் மின்சுமை உள்ள கார்பனோடு இணைந்தவை ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன். காலி ஆர்பிட்டாலுக்குச் சுழியம். மொத்தம் 2, எஸ்பி. இரண்டு பி ஆர்பிட்டால்கள் மீதி: ஒன்று பை பிணைப்பில், மற்றது காலி. ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் ஒன்று மற்றதற்கு உதவ முடியாது. இந்த அயனி உருவாவது கடினம் என்று படிக்கிறோமே, அதற்கு ஒரு காரணம் இது.

வினைல் எதிரயனியில் அதே இரண்டு அணுக்கள், கூடவே ஒரு தனித்த இரட்டை. மொத்தம் 3, எஸ்பி². அசிட்டிலைடு எதிரயனியில் மின்சுமை உள்ள கார்பனுக்குப் பக்கத்து அணு ஒன்றே ஒன்று, கூட ஒரு தனித்த இரட்டை. மொத்தம் 2, எஸ்பி.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: மைய அணுவின் இணைதிற எலக்ட்ரான்களோடு ஒற்றை இணைதிறன் கொண்ட அணுக்களைக் கூட்டி, நேர்மின்சுமையைக் கழித்து, எதிர்மின்சுமையைக் கூட்டி, இரண்டால் வகுப்பது. மெத்தில் நேரயனிக்கு (4 + 3 − 1)/2 = 3. மெத்தில் எதிரயனிக்கு (4 + 3 + 1)/2 = 4. மைய அணு ஒன்று மட்டும் இருக்கும் சிறிய அயனிகளுக்கு அது நல்ல கருவி. கார்பன் சங்கிலியும் பை பிணைப்பும் வந்தவுடன், எது மைய அணு, எதை ஒற்றை இணைதிறன் என்று எண்ணுவது என்பதே குழப்பமாகிவிடும். உடனிசைவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கரிம அயனிகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: தனித்த இரட்டை பரவுகிறதா?

இந்தப் படி எதிரயனிகளுக்கு மட்டும். விடை தப்புவதற்கு இன்னொரு பெரிய காரணம் இதைத் தவிர்ப்பது.

அல்லைல் எதிரயனியை எடுத்துக்கொள்வோம். மின்சுமை உள்ள கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு கார்பன், ஒரு தனித்த இரட்டை. படி 3-இன்படி 4, எஸ்பி³. இப்போது உடனிசைவு வடிவத்தை வரையுங்கள். தனித்த இரட்டை உள்ளே நகர்ந்து இரட்டைப் பிணைப்பாகிறது. பழைய பை பிணைப்பு மறுமுனைக் கார்பனில் தனித்த இரட்டையாக ஒதுங்குகிறது. இந்தப் புதிய படத்தில் நம் கார்பனுக்கு மூன்று அணுக்கள், தனித்த இரட்டை இல்லை. மொத்தம் 3, எஸ்பி².

ஒரே கார்பனுக்கு இரண்டு விடை வர முடியாது. உடனிசைவு வடிவங்களில் எலக்ட்ரான்களின் இடம் மட்டும் மாறும். அணுக்கள் நகராது, வடிவம் மாறாது. இரண்டு படங்களும் ஒரே அயனியைக் குறிப்பதால் கார்பன் இரண்டிலும் எஸ்பி² ஆகத்தான் இருக்க வேண்டும். இதிலிருந்து கைக்கடக்கமான ஒரு விதி கிடைக்கிறது: முறையாக வரையக்கூடிய உடனிசைவு வடிவங்களில் எதில் கூட்டுத்தொகை குறைவாக வருகிறதோ, அதுவே அந்தக் கார்பனின் இனக்கலப்பு.

பென்சைல் எதிரயனிக்கும் இதே கதை. தனித்த இரட்டை வளையத்துக்குள் பரவுவதால் வெளிக்கார்பன் எஸ்பி². அசிட்டோனின் ஈனோலேட்டில் மின்சுமை ஆக்சிஜனுக்குப் போய்விடுகிறது, கார்பன் எஸ்பி². நைட்ரோமீத்தேனின் எதிரயனியிலும் அப்படியே. ட்ரைகுளோரோமெத்தில் எதிரயனியிலோ பக்கத்தில் பை பிணைப்பு எதுவும் இல்லை, எனவே எஸ்பி³ ஆகவே நிற்கிறது.

இனி ஃபீனைல் எதிரயனி. பென்சீன் வளையத்தைப் பார்த்தவுடன் "உடனிசைவு" என்று எழுதிவிட்டுத் தனித்த இரட்டையைக் கணக்கிலிருந்து நீக்குபவர்கள் நிறைய. நீக்கினால் என்ன வரும்? இரண்டு அணுக்கள், மொத்தம் 2, எஸ்பி! வளையத்தின் மூலையில் நேர்கோட்டுக் கார்பன். அபத்தம் என்று அங்கேயே தெரிய வேண்டும். அந்தக் கார்பனின் பி ஆர்பிட்டால் ஏற்கெனவே வளையத்தின் பை அமைப்பில் வேலையில் இருக்கிறது. தனித்த இரட்டை இருப்பது வளையத் தளத்திலேயே, வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எஸ்பி² ஆர்பிட்டாலில். பை அமைப்புக்குச் செங்குத்தாக இருப்பதால் அது பரவ வழியில்லை. எனவே இரண்டு அணுக்களோடு தனித்த இரட்டைக்கு ஒன்று சேர்த்து 3, எஸ்பி². வினைல் எதிரயனியும் இதே வகைதான்.

சுருக்கமாகப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மின்சுமை உள்ள கார்பனே ஓர் இரட்டை அல்லது முப்பிணைப்பில் பங்கேற்கிறதா? அப்படியானால் அந்தப் பிணைப்போடு தனித்த இரட்டை பரவாது. கணக்கில் ஒன்று கூட்டுங்கள். பை பிணைப்பு ஓர் ஒற்றைப் பிணைப்பு தள்ளி இருக்கிறதா? அப்படியானால் தனித்த இரட்டை பரவும், கூட்ட வேண்டாம்.

நைட்ரஜனையும் போரானையும் வைத்துச் சரிபார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. எதிர்மின்சுமை உள்ள கார்பனிடம் நைட்ரஜனுக்கு இருக்கும் அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. நேர்மின்சுமை உள்ள கார்பனிடம் போரானின் எண்ணிக்கை. எனவே அயனியில் அந்தக் கார்பனை எடுத்துவிட்டு, எதிரயனி என்றால் நைட்ரஜனையும் நேரயனி என்றால் போரானையும் வைத்துப் பாருங்கள். கிடைக்கும் நடுநிலை மூலக்கூறு பெரும்பாலும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும்.

மெத்தில் எதிரயனி அமோனியாவாகிறது: பிரமிடு. ஃபீனைல் எதிரயனி பிரிடீனாகிறது. அதன் தனித்த இரட்டை வளையத் தளத்தில் இருப்பதை எல்லோரும் படித்திருப்போம். சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனி பிரோலாகிறது. அதில் தனித்த இரட்டை, வளையத்தை நிலைப்படுத்தும் ஆறு அரோமேட்டிக் பை எலக்ட்ரான்களில் சேர்ந்துவிட்டது. அசிட்டோனின் ஈனோலேட்டில் கார்பனை மாற்றினால் அசிட்டமைடு. அமைடு நைட்ரஜன் தட்டையானது என்பது புரதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். அசிட்டிலைடு ஹைட்ரஜன் சயனைடாகிறது. மூவிணைய பியூட்டைல் நேரயனிக்கு இணை ட்ரைமெத்தில்போரான், அதுவும் போரானைச் சுற்றித் தட்டை.

தேர்வு அறையில் சந்தேகம் வந்தால் அரை நிமிடத்தில் முடிகிற சோதனை.

படி 5: வளையம் விடுகிறதா என்று பாருங்கள்

இதுவரை சொன்ன கணக்கு, அணுக்கள் விரும்பிய கோணத்துக்குத் திரும்பச் சுதந்திரம் உண்டு என்று வைத்துக்கொள்கிறது. வளையங்கள் அந்தச் சுதந்திரத்தைப் பறிக்கும்.

ஃபீனைல் நேரயனியில் கணக்குப்படி இரண்டு அணுக்கள், காலி ஆர்பிட்டால், மொத்தம் 2, எஸ்பி. நேர்கோடாக விரிய வளையம் விடாது. அதனால் பாடப்புத்தக விடை எஸ்பி². காலியாக இருப்பது பி அல்ல, தளத்தில் நீட்டியிருக்கும் எஸ்பி² வகை ஆர்பிட்டால். எஸ்-தன்மையைக் காலி ஆர்பிட்டாலில் வீணாக்க வேண்டியிருப்பதால்தான் இந்த அயனி இவ்வளவு நிலையற்றது. கணிப்பு ஆய்வுகளில் அந்தக் கார்பனின் கோணம் 120 பாகையைத் தாண்டி நன்றாகவே விரிகிறது. முடிந்த அளவு எஸ்பி பக்கம் போகப் பார்க்கிறது என்று பொருள். ஆக, எஸ்பி² என்பதும் தோராயம்தான், ஆனால் தேர்வில் அதையே எழுதுங்கள்.

பால இணைப்புத் தலைக் கார்பன் (வளையங்கள் ஒன்றுசேரும் மூலையில் இருக்கும் கார்பன்) அடுத்த சிக்கல். நார்போர்னேனின் 1-ஆம் கார்பனில் நேர்மின்சுமை வைத்தால் அது தட்டையாக முடியாது. கூண்டு மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். பார்ட்லெட்டும் நாக்ஸும் 1939-இல் இத்தகைய தலைக் கார்பனில் குளோரின் உள்ள சேர்மத்தை எடுத்துக்கொண்டு, மூவிணைய குளோரைடாக இருந்தும் அது அயனியாகப் பிரிய மறுப்பதைக் காட்டினார்கள். நேரயனிக்குத் தட்டை வடிவம் எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அடமான்டேனின் கூண்டு சற்றுத் தாராளமானது என்பதால் 1-அடமான்டைல் நேரயனி உருவாகிறது.

மூன்று கார்பன் வளையத்திலும் கவனம் வேண்டும். சைக்ளோபுரோப்பைல் எதிரயனி பிரமிடு வடிவத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். வளையப் பிணைப்புகள் குறுகிய கோணத்துக்காகப் பி-தன்மையை அதிகம் எடுத்துக்கொள்வதால் தனித்த இரட்டைக்கு எஸ்-தன்மை கூடுதலாக மிஞ்சுகிறது. அதைத்தான் அது விரும்பும் என்று முன்பே பார்த்தோம்.

சைக்ளோபுரோப்பீனைல் எதிரயனியில் பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டு. படி 4-இன்படி எஸ்பி² வர வேண்டும். ஆனால் தனித்த இரட்டை பரவினால் வளையத்தில் 4 பை எலக்ட்ரான்கள் சேர்ந்து எதிர்-அரோமேட்டிக் (பரவலால் நிலைத்தன்மை குறையும் வளையம்) ஆகிவிடும். பரவுவது லாபம் இல்லை, நஷ்டம். அதனால் அந்தக் கார்பன் பரவலைத் தவிர்த்துப் பிரமிடாகவே, எஸ்பி³ ஆகவே இருக்கிறது. படி 4-க்கு நினைவில் வைக்க வேண்டிய விதிவிலக்கு இது.

அரோமேட்டிக் அயனிகளில் எல்லாமே எஸ்பி²

ஹுக்கல் விதிக்கு (வளையத்தில் 2, 6, 10 என்ற வரிசையில் பை எலக்ட்ரான்கள்) பொருந்தும் வளைய அயனிகள் எளிதானவை. பை எலக்ட்ரான்கள் சுற்றி வர ஒவ்வொரு கார்பனும் ஒரு பி ஆர்பிட்டாலைத் தர வேண்டும், எனவே எல்லாக் கார்பன்களும் எஸ்பி². 2 எலக்ட்ரான் கொண்ட சைக்ளோபுரோப்பீனைல் நேரயனி. இதன் ட்ரைஃபீனைல் வகையை ரொனால்ட் பிரெஸ்லோ 1957-இல் தயாரித்தார். 6 எலக்ட்ரான் கொண்ட சைக்ளோபென்டாடையீனைல் எதிரயனியும் ட்ரோப்பிலியம் நேரயனியும். ட்ரோப்பிலியம் புரோமைடை மெர்லிங் 1891-லேயே தயாரித்துவிட்டார். அது என்ன என்பது 1954-இல் டோரிங், நாக்ஸ் இருவரின் வேலையால்தான் தெளிவானது. சைக்ளோஆக்டாடெட்ராயீன் நடுநிலையில் தொட்டி போல வளைந்திருக்கும். இரண்டு எலக்ட்ரான் ஏற்று ஈரெதிரயனியானால் 10 பை எலக்ட்ரானோடு தட்டையாகிவிடும். நடுநிலையிலும் அதன் எட்டுக் கார்பன்களும் எஸ்பி²-தான், மாறுவது வளையத்தின் வடிவம்.

சைக்ளோபென்டாடையீனைல் நேரயனி பற்றிக் கேட்டு மடக்குவார்கள். அது 4 பை எலக்ட்ரான் கொண்டது, எதிர்-அரோமேட்டிக், நிலையற்றது. ஆனால் மின்சுமை உள்ள கார்பன் எஸ்பி²-தான். நேரயனி தட்டையாவதற்கு உடனிசைவு லாபம் தேவையில்லை.

இதெல்லாம் காகிதத்தில் மட்டுமா?

இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜ் ஓலா 1960-களில் மிக வலிமையான அமிலக் கலவைகளில் கார்பன் நேரயனிகளை நிலையாக வைத்திருந்து என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுத்தார். 1994-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தத் துறைக்காகத்தான். மூவிணைய பியூட்டைல் நேரயனியின் நடுக்கார்பன், கார்பன்-13 நிறமாலையில் சுமார் 335 பிபிஎம் அருகே தெரிகிறது; சாதாரண ஐசோபியூட்டேனில் அதே கார்பன் 25 பிபிஎம்-ஐ ஒட்டி இருக்கும்.

இனக்கலப்பை இன்னும் நேராகக் காட்டுவது கார்பனுக்கும் அதன்மேல் உள்ள ஹைட்ரஜனுக்கும் இடையிலான இணைவு மாறிலி (இதுவும் என்எம்ஆர் அளவீடுதான்). மீத்தேனில் 125 ஹெர்ட்ஸ், எத்திலீனில் 156, அசிட்டிலீனில் 249. இவற்றை ஐந்தால் வகுத்தால் 25, 31, 50 என்று எஸ்-தன்மையின் சதவீதம் ஏறத்தாழ வந்துவிடுகிறது. ஐசோபுரோப்பைல் நேரயனியில் இது 169 ஹெர்ட்ஸ். மின்சுமையும் இந்த எண்ணைச் சற்று உயர்த்தும் என்றாலும், எஸ்பி² என்பதோடு நன்றாக ஒத்துப்போகிறது.

எதிரயனி பக்கம் அமிலத்தன்மை சாட்சி சொல்கிறது. ஈத்தேனின் பிகேஏ (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) சுமார் 50, எத்திலீனுக்கு 44, அசிட்டிலீனுக்கு 25. புரோட்டான் போனபின் தனித்த இரட்டை உட்காரும் ஆர்பிட்டாலில் எஸ்-தன்மை கூடக் கூட அயனிக்கு நிம்மதி. டொலுவீன், சைக்ளோபென்டாடையீன் ஆகியவற்றில் அமிலத்தன்மை கூடுவது வேறு காரணத்தால்: அங்கே தனித்த இரட்டை பி ஆர்பிட்டாலில் இருந்து பரவுகிறது. டொலுவீனுக்கு ஏறத்தாழ 41, சைக்ளோபென்டாடையீனுக்கு 16. இரண்டு காரணங்களையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள்.

முறை செல்லாத இடமும் உண்டு. நார்போர்னைல் நேரயனியின் 2-ஆம் கார்பனில் இரண்டு எலக்ட்ரானை மூன்று கார்பன்கள் பகிர்ந்துகொள்கின்றன. வேதியியலாளர்கள் வின்ஸ்டைனும் எச்.சி. பிரௌனும் இதைப் பற்றிப் பல ஆண்டு சண்டை போட்டார்கள். 2013-இல் வெளியான படிக அமைப்பு பகிர்வுப் பிணைப்பு உண்டு என்ற வின்ஸ்டைன் பக்கமே நின்றது. புரோட்டான் ஏறிய மீத்தேன், ஹெக்ஸாமெத்தில்பென்சீனின் ஈர்நேரயனி போன்றவையும் இதே வகை. கடைசியாகச் சொன்னதில் ஒரு கார்பனைச் சுற்றி ஆறு கார்பன்கள் இருப்பது 2016-இல் பெர்லினில் படிக அமைப்பாகவே காட்டப்பட்டது. இவற்றுக்கு எஸ்பி, எஸ்பி² என்ற பெயர்கள் பொருந்தாது. பள்ளித் தேர்வில் வராது. வந்தால் கேள்வியில்தான் பிழை.

போட்டுப் பாருங்கள்

விடையை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் முதலில் நீங்களே வரைந்துவிட்டுப் படியுங்கள்.

அசைலியம் நேரயனி, அசிட்டைல் வகை. கார்பனைல் கார்பனோடு ஒரு மெத்தில் கார்பன், ஓர் ஆக்சிஜன். தனித்த இரட்டை இல்லை. மொத்தம் 2, எஸ்பி, நேர்கோடு. மின்சுமையை ஆக்சிஜன்மேல் போட்டு முப்பிணைப்பாக வரைந்தாலும் இதே விடை. மெத்தில் கார்பன் எஸ்பி³. ஒத்த எலக்ட்ரான் எண்ணிக்கை கொண்ட அசிட்டோநைட்ரைலும் இதே வடிவம்தான்.

புரோப்பார்ஜைல் நேரயனி. இரண்டு ஹைட்ரஜன் உள்ள முனைக் கார்பன்: மூன்று அணுக்கள், எஸ்பி². நடுக்கார்பன்: இரண்டு அணுக்கள், எஸ்பி. மறுமுனை: ஒரு கார்பன், ஒரு ஹைட்ரஜன், எஸ்பி. மின்சுமையை மறுமுனைக்கு நகர்த்தி அல்லீன் போல வரைந்து மறுபடி எண்ணுங்கள். மூன்றிலும் அதே விடை வரும்.

சயனைடு அயனி: பக்கத்து அணு ஒன்று, தனித்த இரட்டை ஒன்று. எஸ்பி.

அசிட்டேட் அயனி: எதிர்மின்சுமை ஆக்சிஜன்களில் இருக்கிறது. கார்பாக்சிலேட் கார்பனுக்கு மூன்று பக்கத்து அணுக்கள், எஸ்பி², மெத்தில் எஸ்பி³.

பென்சீனோடு எலக்ட்ரான் கவர் பொருள் சேர்ந்து உருவாகும் அரீனியம் அயனி. தாக்கப்பட்ட கார்பனில் இப்போது இரண்டு வளையக் கார்பன், ஒரு ஹைட்ரஜன், புதிதாக வந்த தொகுதி, ஆக நான்கு அணுக்கள். எஸ்பி³. மீதி ஐந்தும் எஸ்பி². மின்சுமை அந்த ஐந்தில் மூன்றின்மேல் பரவியிருக்கிறது. எஸ்பி³ கார்பனின்மேல் நேர்மின்சுமையைப் போட்டுவிடுவது இங்கே நடக்கும் வழக்கமான பிழை. நான்கு பிணைப்பு உள்ள கார்பனில் மின்சுமை சுழியம் என்று படி 1 சொல்லியிருக்கும்.

2-சைக்ளோஹெக்சீனைல் நேரயனி: அல்லைல் பகுதியின் மூன்று கார்பன்களும் எஸ்பி², மீதி மூன்றும் எஸ்பி³.

ட்ரைஃபீனைல்மெத்தில். நேரயனியில் மையக் கார்பனுக்கு மூன்று அணுக்கள், காலி ஆர்பிட்டால், எஸ்பி². எதிரயனியில் தனித்த இரட்டை மூன்று வளையங்களுக்குள்ளும் பரவுவதால் அதுவும் எஸ்பி². மூன்று வளையங்களின் ஹைட்ரஜன்களும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, வளையங்கள் காற்றாடி இறக்கை போலச் சற்றுத் திரும்பி நிற்கும். மையக் கார்பனும் அதன் மூன்று அண்டைக் கார்பன்களும் ஒரே தளத்தில்தான் இருக்கும். ஆக, இரண்டு அயனிகளிலும் பத்தொன்பது கார்பன்களும் எஸ்பி².